சிரிப்பும் சிறையும்: கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

நமது பள்ளி ஆண்டு மலரில் விஞ்ஞானிகள், புனிதர்கள், தேசத் தலைவர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. ஒரு சினிமா நடிகரின் வாழ்க்கையை எழுதலாமா என்று நான் கேட்டபோது, தமிழம்மா சற்று யோசித்துவிட்டு, யாரைப் பற்றி என்று கேட்டார்கள். கலைவாணர் என்றதும் முகம் மலர்ந்து, தாராளமாக எழுது, ஆனால் கிசுகிசு மட்டும் வேண்டாம் என்றார்கள். கலைவாணரின் வாழ்வை ஏறக்குறையக் கவிழ்த்தே விட்ட வழக்கு ஒரு கிசுகிசுப் பத்திரிகையிலிருந்துதான் தொடங்கிற்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தபோது, தமிழம்மா சொன்ன சொல்லின் பொருள் எனக்கு இன்னும் நன்றாக விளங்கிற்று.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். ஏழு குழந்தைகள் கொண்ட ஏழைக் குடும்பம். அக்காலத்தில் அந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணனின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. மளிகைக் கடையில் வேலை செய்தார். டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். இந்த மூன்றில் கடைசி வேலைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. விற்கப் போனவர் விற்பனையை மறந்து மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதி வைத்த சாட்சி இல்லாவிட்டாலும், பின்னால் நடந்ததைப் பார்த்தால் வேறு எப்படி இருந்திருக்க முடியும்?

நாஞ்சில் நாட்டுக்கே உரிய கலை வில்லுப்பாட்டு. கோயில் கொடை விழாக்களில் வில்லை நிறுத்தி, வீசுகோலால் நாணைத் தட்டி, குடத்தைத் தாளமாக்கி இரவு முழுவதும் கதை சொல்வார்கள். ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட்டு, இடையிடையே ஏதாவது கேட்டுக் கிண்டல் செய்வார். கூட்டம் தூங்காமல் இருக்க இந்தக் கேள்வி-பதில் மிகவும் உதவும். கிருஷ்ணன் சிறுவயதிலேயே இதில் தேர்ந்தார். பிற்காலத்தில் அவர் திரையில் செய்த நகைச்சுவை பெரும்பாலும் இரண்டு பேர் பேச்சாக, ஒருவர் சொல்ல மற்றவர் மடக்குவதாக அமைந்திருப்பதைப் பார்த்தால், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

1925-ஆம் ஆண்டையொட்டி டி. கே. எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தார். அந்த நாள் நாடகக் கம்பெனிகளைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ‘பாய்ஸ் கம்பெனி’ என்று இவற்றை அழைப்பார்கள். நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள், இளைஞர்கள். கம்பெனி ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். பையன்களுக்குச் சாப்பாடு, உடை, உறைவிடம் எல்லாம் கம்பெனியைச் சேர்ந்தவை. விடியலில் எழுந்து பாட்டுப் பயிற்சி, பிறகு வசனப் பாடம், இரவில் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் அவர்களுக்கு வேதம் போன்றவை. அரச வேடம் போடுபவர் ராஜபார்ட். பெண் வேடம் போடும் பையன் ஸ்திரீபார்ட். சிரிப்பு மூட்டுபவர் பபூன்.

இந்தப் பபூன் வேடம் விசித்திரமானது. நாடகக் கதைக்கும் அவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. வள்ளி திருமணம் நடந்தாலும் பவளக்கொடி நடந்தாலும் பபூன் நடுவில் வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், ஊர் வம்பு ஒன்றைப் பேசுவார், சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் வேடம் மாற்றிக்கொள்வார்கள். கொச்சையான பேச்சுக்கும் இவரிடம் குறைவிருக்காது. பெரியவர்கள் தம் வீட்டுப் பெண்களை நாடகத்துக்கு அனுப்பத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்நாட்டிலும் இதைப் போன்றதொரு மேடை இருந்தது. சார்லி சாப்ளின் இங்கிலாந்தில் பிரெட் கார்னோ என்பவரின் குழுவில் சின்னச் சின்னச் சிரிப்புக் காட்சிகளில் நடித்துப் பழகியவர். 1914-இல் சினிமாவுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தைத்தான் கையோடு கொண்டு வந்தார். நம் கிருஷ்ணனும் கதைக்கு வெளியே நின்று பத்து நிமிடத்தில் சிரிக்க வைக்கும் பபூன் வித்தையைத் திரைக்குக் கொண்டு வந்தார். கொச்சையை மட்டும் கொட்டகையிலேயே விட்டுவிட்டார்.

கம்பெனியில் அவர் எல்லா வேலையும் கற்றார். எந்த நடிகருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த வேடத்தை அன்று மாலை இவர் போடுவார். பாடுவார், வாத்தியம் வாசிப்பார். டி. கே. எஸ். சகோதரர்கள் நடத்திய ‘மேனகா’ நாடகத்தை 1935-ஆம் ஆண்டு ராஜா சாண்டோ படமாக்கியபோது, கம்பெனியோடு சேர்ந்து கிருஷ்ணனும் திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு ‘சதி லீலாவதி’ வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழே தெரியாத ஒருவர் தமிழ்ப் படம் எடுத்தார் என்றால் இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது. அதே படத்தில் எம். கே. ராதா கதாநாயகன்; டி. எஸ். பாலையா வில்லன், சிறிய வேடம் ஒன்றில் எம். ஜி. இராமச்சந்திரன். இத்தனை பேருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதவு திறந்திருக்கிறது.

இங்கே நம் மாவட்டத்துப் பெருமையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமானால் பம்பாய்க்கோ பூனாவுக்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏறியாக வேண்டும். ‘அம்பிகாபதி’ (1937) என்னும் தமிழ்ப் படம் கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. நடிகர், பாடகர், சமையற்காரர் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் என்னும் டி. ஆர். சுந்தரம். நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்து சென்று வந்தவர், நூலை விட்டுவிட்டுப் பிலிம் சுருளைப் பிடித்துக்கொண்டார்! சேலத்தில் ஏற்காடு சாலையில் அவர் கட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. கிருஷ்ணனை முதலில் படம் பிடித்த அதே டங்கன்தான் 1950-இல் நம் சேலத்துக்கு வந்து ‘மந்திரி குமாரி’யை எடுத்தார். அதற்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி மறு ஆண்டே கிருஷ்ணனின் படத்துக்கும் எழுதினார். ஸ்டுடியோ இன்று இல்லை. வாயில் வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா செல்லும் தோழியர் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தால் அதைக் காணலாம்.

மீண்டும் கதைக்கு வருவோம். 1936-ஆம் ஆண்டு ‘வசந்தசேனா’ என்னும் படத்துக்காகப் பூனா சென்ற குழுவில் டி. ஏ. மதுரம் என்னும் நடிகையும் இருந்தார். திருச்சியை அடுத்த ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்தவர். அங்கேயே இருவருக்கும் திருமணம் நடந்தது. கிருஷ்ணனுக்கு 1931-லேயே நாகம்மாள் என்பவரோடு திருமணம் ஆகியிருந்தது. அதை மதுரத்திடம் அவர் அப்போது சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகே மதுரத்துக்குத் தெரியவந்தது. கலைவாணரைப் போற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வேடிக்கை போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. ஊரைச் சிரிக்க வைத்தவர் வீட்டில் இரண்டு பெண்களை அழ வைத்தார் என்பதே உண்மை. மதுரத்துக்குப் பிறந்த பெண் குழந்தையும் நிலைக்கவில்லை. பின்னர் மதுரமே முன்னின்று தம் தங்கை வேம்பம்மாளைக் கணவருக்கு மணம் செய்து வைத்தார். அந்தக் கால வழக்கம் அது என்பார்கள். வழக்கம் என்பதால் வலிக்காமல் இருந்திருக்குமா?

ஆனால் மதுரம் கண்ணீரோடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. என்.எஸ்.கே.-மதுரம் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே மக்கள் சொல்லும்படி திரையில் அவருக்குச் சமமாக நின்றார். அதற்கு முன் பெண்கள் நகைச்சுவை நடிப்புக்கு வருவதே அரிது. வந்தாலும் அடிபடுவதும் அழகில்லை என்று கேலிக்கு ஆளாவதுமே அவர்கள் பங்கு. மதுரமோ கணவராக நடிப்பவரைக் கேள்வி கேட்டு மடக்குவார். பொய் சொன்னால் பிடிப்பார். அறிவியல் கருவிகளைக் கண்டுபிடிக்கப் போவதாகக் கணவன் பெருமையடிக்க, சமையலறையில் தனக்கு எது உதவும் என்று மனைவி கேட்டு வாங்கும் பாட்டு ஒன்று உண்டு. இன்றும் வானொலியில் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையை நிறுத்திவிடுவார்கள். இத்தகைய பாடல்கள் பலவற்றை அவர்களுக்கு எழுதித் தந்தவர் உடுமலை நாராயண கவி.

அந்த நாளில் அவர்களுடைய நகைச்சுவை தயாரான விதமும் புதுமையானது. கிருஷ்ணனுக்கென்று ஒரு குழு இருந்தது. டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி போன்றவர்கள் அவருடன் நடித்தார்கள். படத்தின் முக்கியக் கதையை ஒருவர் எழுதி இயக்க, நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் குழுவே தனியாகக் கதை கட்டி, பாட்டு எழுதி வாங்கி, ஒத்திகை பார்த்து நடித்துக் கொடுக்கும். அந்தப் பகுதி படத்தின் இடையிடையே சேர்க்கப்படும். ‘சகுந்தலை’ (1940) படத்தில் துஷ்யந்தனின் மோதிரம் மீன் வயிற்றில் அகப்படும் கதை நமக்குத் தெரியும். அந்த மீனைப் பிடிக்கும் செம்படவர்களாகக் கிருஷ்ணனும் துரைராஜும் வந்து போடும் சண்டையே படத்தில் பேர் வாங்கிவிட்டது! எம். எஸ். சுப்புலட்சுமியின் பாட்டுக்காகக் கொட்டகைக்குப் போனவர்கள் இந்தச் சண்டையையும் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள். 1941-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் அவரே கதாநாயகன். ‘அசோக்குமார்’, ‘ஹரிதாஸ்’, ‘மங்கம்மா சபதம்’ என்று அந்த ஆண்டுகளில் அவரும் மதுரமும் நடித்த படங்கள் பல. விநியோகஸ்தர்கள் படம் வாங்கும்போது இவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுத்தான் விலை பேசினார்கள் என்று சொல்வார்கள்.

அவருடைய சிரிப்பில் எனக்குப் பிடித்தது அது யாரைக் குறிவைக்கிறது என்பதுதான். நொண்டியையும் திக்குவாயையும் கறுத்தவரையும் கேலி செய்து சிரிக்க வைப்பது எளிது. வகுப்பறையில் நாமே செய்கிறோம் அல்லவா? கிருஷ்ணன் சிரித்தது போலிச் சாமியாரைப் பார்த்து, கள் குடித்துக் கூலியைத் தொலைப்பவனைப் பார்த்து, வரதட்சணை கேட்பவரைப் பார்த்து, சாதி சொல்லி ஒதுக்குபவரைப் பார்த்து. பெரும்பாலும் அந்த முட்டாளாகத் தாமே நடித்துவிடுவார். ஆகவே பார்ப்பவருக்குத் தம்மையே திட்டுவதாகத் தோன்றாது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

இப்படி உச்சியில் இருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ என்னும் பத்திரிகைகளை நடத்தி வந்தார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி மெய்யும் பொய்யும் கலந்து எழுதுவது அவர் தொழில். எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவார் என்றும் புகார் இருந்தது. 1944-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். கொலைக்குச் சதி செய்ததாகப் போலீசார் பலரைக் கைது செய்தார்கள். அவர்களில் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் சினிமா உலகில் பெரிய புள்ளிகள். நாடே திகைத்தது.

விசாரணை ஜூரிகள் முன்னிலையில் நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-ஆம் ஆண்டு மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அத்தண்டனை உறுதியாயிற்று. கைது நடப்பதற்குச் சற்று முன்னர், 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தியேட்டருக்குள்ளே கிருஷ்ணனைப் பார்த்து ஆயிரமாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் அதே ஊரில் விலங்கோடு இருந்தார். இதைப் படித்த அன்று நெடுநேரம் எனக்கு வேறு பாடம் ஓடவில்லை.

வெளியே மதுரம் தனியாக நின்றார். வழக்குக்குப் பணம் வேண்டும். குடும்பத்துக்குச் சோறு வேண்டும். கணவரை நம்பிப் பிழைத்த நடிகர்களுக்கும் வழி வேண்டும். கணவர் பெயரில் நாடக சபையை நடத்தினார், எஸ். வி. சகஸ்ரநாமம் உறுதுணையாக இருந்தார். கணவர் கொலைக் குற்றவாளி என்று ஊர் பேசும்போது மேடையேறிச் சிரிக்க வைப்பது எப்படிப்பட்ட காரியம்! ஆனாலும் திரை தூக்கினால் அவர் சிரித்துத்தான் ஆக வேண்டும். கலைவாணரின் வாழ்க்கையில் மிகப் பெரிய நடிப்பு எது என்று என்னைக் கேட்டால், அது கலைவாணர் நடித்ததன்று, மதுரம் அந்த இரண்டரை ஆண்டுகள் நடித்ததுதான் என்பேன்.

அக்காலத்தில் இந்தியாவின் வழக்குகளுக்குக் கடைசி வாசல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கு முறையீடு சென்றது. வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவி கவுன்சில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திருப்பியது. புகழ்பெற்ற வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்ட நீதிபதிகள் 1947-ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள். கொன்றவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. இந்த எத்திராஜ்தான் மறு ஆண்டு, 1948-இல், சென்னையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளியில் படித்துவிட்டு எத்திராஜ் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் அக்காமார்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்குமோ என்னவோ!

முப்பது மாதச் சிறை இருவரையும் இரண்டு விதமாக மாற்றியது. பாகவதர் மனமுடைந்தார், அவருடைய பழைய செல்வாக்கு திரும்பவேயில்லை, 1959-இல் மறைந்தார். கிருஷ்ணனோ வெளியே வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். ‘பைத்தியக்காரன்’ (1947) படம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கென்று ஒரு பாத்திரம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அவர் கசந்து போகவில்லை என்பது பெரிய செய்தி. தம்மைச் சிறைக்கு அனுப்பியவர்களைத் திரையில் வைத்துத் தாளித்திருக்கலாம். யார் தடுத்திருக்க முடியும்? அவர் அதைச் செய்யவில்லை. ‘கலைவாணர்’ என்னும் பட்டம் அவருக்கு அதே 1947-இல் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கிடைத்தது.

1949-இல் ‘நல்லதம்பி’ வெளிவந்தது. அறிஞர் அண்ணா திரைக்கு எழுதிய முதல் கதை அது. அதில்தான் ‘கிந்தனார்’ காலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் சரித்திரத்தை நம் தாத்தா பாட்டிகள் கதாகாலட்சேபமாகக் கேட்டிருப்பார்கள். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன், சிதம்பரம் போகத் துடித்து, பண்ணையாரிடம் கெஞ்சிக் காத்திருக்கும் கதை. கலைவாணர் அதே ராகங்களில், அதே பாகவதர் கோலத்தில், சப்ளாக்கட்டையோடு நின்று ‘கிந்தன்’ கதையைச் சொன்னார். இந்தக் கிந்தனுக்குத் தில்லைக்குப் போக ஆசையில்லை. பட்டணம் போய்ப் படிக்க ஆசை. எத்தனையோ தடைகளை மீறி ரயிலேறிப் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் தன் ஊருக்கே வருகிறான். முதலில் கேட்பவர்கள் கேலி என்று எண்ணிச் சிரிப்பார்கள். போகப் போக, பள்ளியில் இடம் கிடைக்காத ஒரு பையனின் துக்கம் அந்தச் சிரிப்புக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றவர் பாடியது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

அவர் இயக்கிய படங்களில் ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. ‘மணமகள்’ பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக நிலைநிறுத்தியது. ‘பணம்’ படத்தில்தான் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து முதன்முதலில் இசையமைத்தார்கள். 1951-இல் திரையுலகத் தூதுக்குழுவில் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். இவரை ஒரு கட்சிக்குள் அடைக்க முடியாது. காந்தியடிகள் மீது பக்தி கொண்டு நாகர்கோவிலில் தம் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா அவருடைய நண்பர், பக்கத்து ஊர்க்காரர். அண்ணாவும் நண்பர். காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடியபோது அதை எழுதித் தந்தவர் சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞர். கலைவாணர்தான் அவரைத் திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னைக்கு அழைத்து வந்தார். அந்த இளைஞர் பின்னர் வில்லிசை வேந்தராகி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்தார்.

1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் ஊருக்கு உதவும் நல்ல டாக்டர். அண்ணாவுக்காகப் பேச வந்த கலைவாணர், கூட்டத்தில் எழுந்து அந்த டாக்டரையே புகழத் தொடங்கினார். கைராசிக்காரர், ஏழைகளிடம் அன்பானவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கட்சிக்காரர்களுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அதனால் டாக்டரை ஊரிலேயே வைத்துக்கொண்டு, அண்ணாவை அனுப்பி வையுங்கள் என்று முடித்தார். அண்ணா வென்றார். டாக்டரும் இதைக் கேட்டுக் கோபித்திருக்க வழியில்லை. தேர்தல் மேடையில் எதிராளியின் மனம் நோகாமல் ஓட்டுக் கேட்ட இன்னொருவர் கதையை நான் இன்னும் கேட்கவில்லை.

இத்தனை சம்பாதித்தும் கையில் தங்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கல்யாணம் என்று வந்தவர், பள்ளிச் சம்பளம் என்று வந்தவர், பொய் சொல்லிக் கேட்டவர் எல்லோருக்கும் கிடைத்தது. பொய் என்று தெரிந்தே கொடுத்ததாகவும், நோய்ப் படுக்கையில் இருந்தபோது திருமண உதவி கேட்டு வந்த தொழிலாளிக்குக் கையில் பணமில்லாமல் வெள்ளிக் கூஜாவை எடுத்துக் கொடுத்ததாகவும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் கொடுத்தது அவருடைய ஈகை. ஆனால் மாதக் கடைசியில் அந்த வீட்டில் கணக்குப் பார்த்த பெண்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். ‘முதல் தேதி’ (1955) படத்தில் சம்பள நாள் குதூகலத்தையும் மாதக் கடைசி வறட்சியையும் பற்றி அவர் பாடிய பாட்டை, நான் அறிந்த வரையில், எந்த அரசு ஊழியர் வீட்டிலும் இன்றும் மறக்கவில்லை. எங்கள் அப்பா இருபதாம் தேதிக்கு மேல் அதைத்தான் முணுமுணுப்பார்.

‘ராஜா ராணி’ (1956) படத்தில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு உண்டு. அசட்டுச் சிரிப்பு, ஆணவச் சிரிப்பு, சங்கீதம் போன்ற சிரிப்பு என்று ஒவ்வொன்றையும் பாடிக்கொண்டே சிரித்துக் காட்டுவார். எங்கள் பாட்டி சிறுமியாக இருந்தபோது ராசிபுரத்தில் டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாராம். படம் முடிந்து மாட்டு வண்டியில் வரும்போது வண்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒவ்வொரு சிரிப்பாகச் செய்து பார்த்து, மாடு மிரண்டுவிட்டதாம். அப்போது கலைவாணருக்கு உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. ‘சக்கரவர்த்தித் திருமகள்’ அவர் கடைசிக் காலத்துப் படங்களுள் ஒன்று.

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறைய இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. மதுரம் அவருக்குப் பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து 1974-இல் மறைந்தார்.

சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை 1969-ஆம் ஆண்டு ஜனவரியில், முதலமைச்சராக இருந்த அண்ணா நோயுற்ற உடலோடு வந்து திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே; அடுத்த மாதம் அவரும் மறைந்தார். சென்னையில் பாலர் அரங்கம் என்றிருந்த அரசு அரங்குக்குப் பின்னாளில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் சூட்டப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய புதிய அரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், கோட்டையில் இடைவெளி விட்டு அமர இடம் போதாமல், தமிழ்நாடு சட்டமன்றம் இந்த அரங்கில்தான் கூடியது. ஏறத்தாழ ஓராண்டுக்கும் மேலாக ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒழுகினசேரிப் பபூனின் பெயர் எழுதிய வாசல் வழியாகவே சட்டம் இயற்ற உள்ளே போய் வந்தார்கள்.